பேகம் ரொக்கேயாவும் ‘சுல்தானாவின் கனவு’ம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவின் ஆரம்பகால அறிவியல் புனைகதைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் பேகம் ரொக்கேயாவின் பெயர் வந்துவிடும், கூடவே சில கேள்விகளும் வந்துவிடும். அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. கதையை இன்னும் படிக்காதவர்கள் கவனிக்கவும், கதை முழுவதையும் கீழே சொல்லியிருக்கிறேன்.

யார் இந்த ரொக்கேயா?

ரொக்கேயா சகாவத் ஹுசைன். 1880இல், இன்றைய வங்கதேசத்தில் ரங்பூர் பக்கம் இருக்கும் பைராபந்த் என்ற ஊரில், ஜமீன்தார் குடும்பத்தில் பிறந்தவர். வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியவர், பெண்கள் பள்ளி ஒன்றைத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் நடத்தியவர். 1932 டிசம்பர் 9 அன்று கல்கத்தாவில் இறந்தார். வங்கதேசத்தில் அந்தத் தேதியை ரொக்கேயா நாளாகக் கொண்டாடுகிறார்கள், ரங்பூரில் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றே அவர் பெயரில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பெயர் அது. தமிழ்நாட்டில் அவரைப் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசுகிறோமே என்று எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு, ஏனென்றால் அவருடைய மிகப் புகழ்பெற்ற கதை முதன்முதலில் அச்சேறியது சென்னையிலிருந்து வந்த ஒரு பத்திரிகையில்.

பள்ளிக்கூடமே போகாதவர் என்கிறார்களே, ஆங்கிலத்தில் எப்படி எழுதினார்?

திருட்டுத்தனமாகப் படித்துத்தான். அந்த வீட்டில் ஆண் பிள்ளைகள் கல்கத்தா போய் ஆங்கிலக் கல்வி படித்தார்கள். பெண் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதவும் கொஞ்சம் உருது, பாரசீகம் படிக்கவும் மட்டும் இடம் இருந்தது. வங்காளமும் ஆங்கிலமும் கூடாது. ஐந்து வயதிலிருந்தே வெளியிலிருந்து வரும் பெண்கள் கண்ணில்கூடப் படாமல் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது என்று ரொக்கேயாவே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆண்கள் அல்ல, பெண்கள்! யாராவது விருந்தாளி வந்தால் குழந்தை மாடியிலோ கட்டிலுக்கடியிலோ போய்ப் பதுங்க வேண்டும்.

அண்ணன் இப்ராகிம் சாபேர் வீடு அடங்கிய பிறகு ராத்திரியில் விளக்கு வெளிச்சத்தில் தங்கைக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். வங்காளம் அக்கா கரீமுன்னிசாவிடம் கற்றது. அந்த அக்காவின் கதை இன்னும் துயரமானது, வங்காளப் புத்தகம் படிக்கிறாள் என்று தெரிந்ததும் படிப்பை நிறுத்தி, சின்ன வயதிலேயே கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள்.

ரொக்கேயாவுக்கும் பதின்ம வயதில் கல்யாணம் ஆனது. கணவர் சையத் சகாவத் ஹுசைன் பீகாரில் பாகல்பூரில் துணை மாஜிஸ்திரேட், முதல் மனைவியை இழந்தவர், வயதில் மிக மூத்தவர். ஆனால் மனைவி படிப்பதையும் எழுதுவதையும் விரும்பினார், ஆங்கிலத்தில் தொடர்ந்து எழுதச் சொல்லித் தூண்டியவரும் அவர்தான். பெண்கள் பள்ளி தொடங்க என்று 10,000 ரூபாய் ஒதுக்கி வைத்துவிட்டுப் போனார். அந்தக் காலத்தில் அது பெரிய பணம்.

‘சுல்தானாவின் கனவு’ எப்படிப் பிறந்தது?

கணவர் அலுவலகச் சுற்றுப்பயணம் போயிருந்தபோது, வீட்டில் தனியாக இருந்தவர் பொழுதுபோக ஆங்கிலத்தில் எழுதியது. திரும்பி வந்த கணவர் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்க, எழுதியதை எடுத்துக் காட்டியிருக்கிறார். அவர் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே முழுவதையும் படித்துவிட்டு, ‘பயங்கரமான பழிவாங்கல்’ என்றாராம். ரொக்கேயா சொன்னது இது.

அது 1905இல் பத்திரிகையில் வந்தது, 1908இல் கல்கத்தாவில் தனிப் புத்தகமானது. பிறகு அவரே அதை வங்காளத்திலும் எழுதி, ‘மோதிசூர்’ என்ற தன் கட்டுரைப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் 1922இல் சேர்த்தார்.

கதை என்ன?

கதைசொல்லி சுல்தானா படுக்கையறையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து இந்தியப் பெண்களின் நிலையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறாள். சகோதரி சாரா என்ற தோழி மாதிரி ஒருத்தி வந்து வெளியே கூப்பிடுகிறாள். இரவுதானே, ஆட்கள் இருக்கமாட்டார்கள் என்று நம்பிப் போனால், பட்டப்பகல், தெரு முழுக்க ஜனம். முக்காடு இல்லாமல் வந்துவிட்டோமே என்று சுல்தானா கூசிப்போக, போகிற வருகிற பெண்கள் அவளைப் பார்த்து, ‘ஆம்பளை மாதிரி இருக்கிறாள்’ என்று சிரிக்கிறார்கள். ஏனென்றால் பெண்கள் ஆளும் அந்தப் பெண்ணாட்டில் கூச்சப்படுவதும் பயந்து நடப்பதும் ஆண்களின் குணம். ஆண்கள் எல்லோரும் வீட்டுக்குள், மர்தானா என்ற ஆண்கள் பகுதியில் இருக்கிறார்கள், நம் ஊர்களில் பெண்களை ஜனானா என்ற உள்பகுதியில் வைத்திருந்தது போல.

சுல்தானா கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் சாராவிடம் பதில் இருக்கிறது. பெண்கள் பலவீனமானவர்களாயிற்றே? சிங்கம் மனிதனைவிட வலிமையானது, அதனால் மனித குலத்தை அது ஆள்கிறதா? ஆண்களுக்கு மூளை பெரிது என்கிறார்களே? யானைக்கு இன்னும் பெரிது. அப்புறம் இது: ஆபத்து விளைவிப்பவர்கள் ஆண்கள் என்றால், அவர்களை வெளியே விட்டுவிட்டு ஒன்றும் செய்யாத பெண்களை அடைத்து வைப்பது, பைத்தியம் பிடித்தவர்களைத் தெருவில் விட்டுவிட்டு நல்ல நிலையில் இருப்பவர்களைப் பூட்டி வைப்பது மாதிரி இல்லையா? (மனநோயாளிகளைப் பற்றிய அந்தக் காலப் பார்வை இதில் இருக்கிறது, வாதத்தின் குறி மட்டும் தப்பவில்லை.) ஆண்கள் அலுவலகத்தில் ஏழு மணி நேரம் என்பது பெரும்பாலும் சுருட்டுப் பிடிப்பதில் போகிறது, நான் இரண்டு மணி நேரத்தில் வேலையை முடித்துவிடுவேன் என்கிறாள் சாரா.

இந்த நிலை எப்படி வந்தது? ராணி பெண்கள் எல்லோரும் படிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார், 21 வயதுக்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் கூடாது என்றார். பிறகு பெண்களுக்கான பல்கலைக்கழகங்கள் வந்தன. அதில் ஒன்று மேகங்களுக்கு மேலே மிதக்கும் பலூனைக் கண்டுபிடித்து, குழாய் வைத்து நேராக மேகத்திலிருந்தே தண்ணீர் எடுத்தது, அதனால் வெள்ளமும் இல்லை வறட்சியும் இல்லை. இன்னொன்று சூரிய வெப்பத்தைச் சேகரித்து வைக்கும் கருவியைச் செய்தது. ராணுவத்தைப் பெருக்குவதில் மும்முரமாக இருந்த ஆண்கள் இதையெல்லாம் கேலி பேசினார்கள்.

பக்கத்து நாட்டிலிருந்து தஞ்சம் புகுந்தவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி அந்த அரசன் கேட்க, ராணி மறுக்க, போர் மூள்கிறது. படை தோற்று, 16 வயதுப் பையன்கள்வரை போர்க்களம் போய்விட்ட நிலை. எதிரி தலைநகருக்கு 25 மைல் தூரத்தில் வந்துவிட்டான். அப்போது இரண்டாவது பல்கலைக்கழகத்தின் முதல்வர் ஒரு வழி சொல்கிறார்: நாங்கள் வெளியே வர வேண்டுமானால் ஆண்கள் உள்ளே போக வேண்டும், எங்கள் மானம் காக்கப்பட வேண்டுமே. களைத்துப் போன ஆண்கள் மறுபேச்சில்லாமல் உள்ளே போகிறார்கள். மறுநாள் 2,000 மாணவிகள் போய், சேமித்த வெப்பத்தையும் ஒளியையும் எதிரிப் படை மேல் பாய்ச்ச, அவர்கள் ஓடிவிடுகிறார்கள். உள்ளே போன ஆண்களை அதற்குப் பிறகு யாரும் வெளியே கூப்பிடவில்லை, கொஞ்ச நாளில் அதுவே அவர்களுக்குப் பழகிவிட்டது.

கடைசியில் சுல்தானா வான்வண்டியில் ஏறி ராணியைப் பார்த்துவிட்டு, ஆய்வுக்கூடங்களைச் சுற்றிப்பார்த்துவிட்டுத் திரும்பும்போது தவறி விழுகிறாள். கண் திறந்தால் அதே சாய்வு நாற்காலி.

இதில் அறிவியல் எங்கே? கற்பனைதானே?

இதற்குத்தான் நான் அதிகம் மல்லுக்கட்டுவது. கதையில் வரும் கருவிகளை வரிசையாகப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒரு வீட்டுப் பெண்ணின் அன்றாடக் கஷ்டத்துக்குப் பதில். சாராவின் சமையலறைக்குள் சுல்தானா போகும் இடம் எனக்கு மிகப் பிடித்தது. கரி இல்லை, புகை இல்லை, புகைபோக்கியும் இல்லை, ஜன்னலுக்கு வெளியே பூந்தோட்டம். சூரிய வெப்பத்தில் சமைக்கிறோம் என்று சாரா அந்த வெப்பம் வரும் குழாயைக் காட்டுகிறாள். அடுப்பங்கரைப் புகையில் வாழ்நாளைக் கழித்த பெண்களின் பக்கத்திலிருந்து யோசித்தால், ராக்கெட்டுக்கு முன் கண்டுபிடிக்க வேண்டியது அதுதானே?

அது வெறும் ஆசையும் இல்லை. சூரிய வெப்பத்தால் இயந்திரம் ஓட்டும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நடந்தது. 1878 பாரீஸ் கண்காட்சியில் மூஷோ என்ற பிரெஞ்சுக்காரர் அப்படி ஒரு இயந்திரத்தை வைத்துப் பனிக்கட்டியே செய்து காட்டினார். அதே வருடம் பம்பாயில் வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர், கண்ணாடிகளை வைத்துச் சூரிய அடுப்பும் கொதிகலனும் செய்து பார்த்ததைப் பற்றிப் புத்தகமே வெளியிட்டார். அந்தக் கால அறிவியல் எட்டிப்பிடிக்கக்கூடிய தூரத்தில்தான் ரொக்கேயாவின் கற்பனை நிற்கிறது. விமானமும் அப்படியே, ரைட் சகோதரர்கள் பறந்தது 1903 டிசம்பரில், கதை வந்தது 1905இல். பெண்ணாட்டில் நிலத்தை உழுவதும் மின்சாரம்தான்.

ஆனால் கருவிகளைவிட முக்கியம் அவை வரும் வரிசை. முதலில் பள்ளி, பிறகு கல்யாண வயது, பிறகு பல்கலைக்கழகம், பிறகு தண்ணீரும் அடுப்பும், ஆயுதம் எல்லாவற்றுக்கும் கடைசியில். அடுப்பெரிக்கச் சேமித்த வெப்பம்தான் நாட்டையும் காப்பாற்றுகிறது, போருக்கென்று அந்தப் பெண்கள் எதையும் உருவாக்கவில்லை. ஆய்வுக்கூடத்தின் சாவி யார் கையில் என்பதைப் பொறுத்து என்ன கண்டுபிடிக்கப்படும் என்பதே மாறும் என்று ஒரு கதை சொல்கிறது என்றால், அது அறிவியல் புனைகதை இல்லாமல் வேறென்ன? கல்யாண வயதையும் யோசித்துப் பாருங்கள். கதை 21 என்றது. குழந்தைத் திருமணத்தைத் தடுக்க 1929இல் வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு வைத்த வயது 14.

சென்னைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

கதை முதலில் வந்த ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ சென்னையிலிருந்து வந்த ஆங்கில மாத இதழ். 1901இல் அதைத் தொடங்கி ஆசிரியராக இருந்தவர் கமலா சத்தியநாதன். இந்தியப் பெண்களுக்காக ஒரு இந்தியப் பெண் நடத்திய பத்திரிகை. சரோஜினி நாயுடுவும் அதில் எழுதியிருக்கிறார். பாகல்பூரில் திரைக்குப் பின்னால் இருந்த ஒரு பெண்ணின் கதை தபாலில் சென்னை வந்து அச்சானது, பெண்கள் கையில் ஒரு பத்திரிகை இருந்ததால் நடந்தது. நூறு வருடம் கழித்து இன்னொரு தொடர்பும் வந்தது: சென்னையின் தாரா புக்ஸ், கோண்டு ஓவியர் துர்காபாயின் படங்களோடு இந்தக் கதையை அழகான புத்தகமாகக் கொண்டுவந்தது.

இந்தியாவின் முதல் அறிவியல் புனைகதை இதுதானா?

இல்லை. வங்காளத்தில் இதற்கு முன்பே எழுதியிருக்கிறார்கள். ஜகதீஷ் சந்திர போஸ் 1896இல் ஒரு பாட்டில் தலைமுடித் தைலம் புயலை அடக்கும் கதை எழுதினார். ஆனால் பெண்களே நடத்தும் ஒரு நாட்டைக் கற்பனை செய்த கதைகளில் இது மிக முந்தியவற்றில் ஒன்று. அமெரிக்காவில் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் எழுதிய, பெண்கள் மட்டுமே வாழும் நாட்டைப் பற்றிய ‘ஹெர்லேண்ட்’ 1915இல்தான் வந்தது.

ஆண்களைப் பூட்டி வைப்பது மட்டும் நியாயமா?

நியாயமில்லை, படிக்கிறவருக்கு அந்த உறுத்தல் வர வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார். சுல்தானா சமையலறைக்குப் போகும்போது, அங்கிருந்த ஆண்களை முன்கூட்டியே விலகிப் போகச் சொல்லிவிட்டார்கள் என்று ஒரு வரி வரும். ஆண்களை நம்பி ஊசியில் நூல் கோக்கும் வேலையைக்கூடத் தர முடியாது என்று சாரா சொல்லுவாள், அவர்களுக்குப் பொறுமை இல்லையாம். இவை அத்தனையும் அன்று பெண்களைப் பற்றித் தினசரி சொல்லப்பட்டவை, ஆளை மட்டும் மாற்றிப்போட்டார். அநியாயம் என்று இங்கே கொதிப்பவர், வீட்டில் அதையே ஏன் இயல்பு என்று எடுத்துக்கொண்டார் என்பது கதை கேட்காமல் கேட்கும் கேள்வி.

ஒரு குறையை நானும் சொல்வேன். பெண்ணாட்டில் கூலி வேலை யார் செய்கிறார்கள், ஏழைப் பெண்களின் வாழ்க்கை எப்படி என்பதைக் கதை தொடுவதே இல்லை. ராணியும் அறிவாளிப் பெண்களும் நல்லபடியாக ஆள்கிறார்கள், அத்தோடு சரி. ஜமீன்தார் வீட்டு ஜன்னலிலிருந்து தெரிந்த கனவு அது. ஆனால் அவரே பிறகு எழுதிய ‘பத்மராக்’ நாவலில் இந்தப் பக்கம் நிறைய மாறியிருக்கிறது.

அவர் மதத்தை எதிர்த்தாரா? பர்தா அணிந்தாரா?

அணிந்தார். புர்கா பற்றித் தனிக் கட்டுரையே எழுதி, உடையில் கண்ணியம் வேண்டும் என்று வாதாடியிருக்கிறார். அவர் எதிர்த்தது பெண்களை வீட்டுக்குள் அடைத்து, படிப்பும் காற்றும் வெளிச்சமும் இல்லாமல் ஆக்குவதை. தன்னை முஸ்லிமாகவே கருதினார், பெண் கல்விக்கு ஆதரவாக மதத்திலிருந்தே வாதங்களை எடுத்தார். ஆனாலும் ஆரம்பத்தில் எழுதிய ஒரு கட்டுரை பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது. நகைகளை அடிமைச் சின்னங்கள் என்றார், கைதியின் இரும்பு விலங்கு நமக்குத் தங்கத்தில் கிடைக்கிறது என்ற தொனியில். மதநூல்கள் ஆண்களால் ஆனவை என்கிற பகுதியும் அதில் இருந்தது, புத்தகமாகும்போது அந்தப் பத்திகள் நீக்கப்பட்டன. இன்று அவரை முழு நாத்திகராகவோ, அல்லது யாருக்கும் இடைஞ்சல் தராத பக்தையாகவோ காட்டுகிறவர்கள் இரண்டு பேருமே பாதியைத்தான் படிக்கிறார்கள்.

வேறு என்ன எழுதினார்?

‘மோதிசூர்’ கட்டுரைத் தொகுதிகள் இரண்டு, 1904, 1922. ‘பத்மராக்’ நாவல் 1924இல் வந்தது, அண்ணன் இப்ராகிமுக்குச் சமர்ப்பணம். தாரிணி பவன் என்ற இல்லத்தில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ, பிரம்ம சமாஜப் பெண்கள் சேர்ந்து பள்ளியும் தொழிற்கூடமும் நோயாளிகளுக்கான இடமும் நடத்துகிறார்கள். நாயகி சித்திகா கணவனிடம் திரும்பிப் போகும் வாய்ப்பு வந்தும் போவதில்லை. பெண்ணாட்டில் கருவிகள் செய்ததை இங்கே மனிதர்கள் சேர்ந்து செய்கிறார்கள்.

1931இல் வந்த ‘அபரோத்பாசினி’ 47 சிறு சம்பவங்களின் தொகுப்பு, எல்லாம் அடைபட்ட பெண்களுக்கு நேர்ந்தவை. அதில் ஒன்றை மறக்க முடியாது. ரொக்கேயாவின் கணவர் வழியில் தூரத்து உறவுக்காரப் பெண் ஒருவர், கியூல் நிலையத்தில் ரயில் மாறும்போது புர்கா தடுக்கித் தண்டவாளத்தில் விழுந்துவிட்டார். தூக்க ஓடிவந்த ஆண்களைப் பணிப்பெண் தொடவிடவில்லை, அவளால் தனியாகத் தூக்கவும் முடியவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு ரயில் கிளம்பிவிட்டது.

அவர் நடத்திய பள்ளி என்ன ஆனது?

இன்றும் நடக்கிறது. கணவர் 1909இல் இறந்தார், பிறந்த இரண்டு பெண் குழந்தைகளும் ஏற்கெனவே சிறு குழந்தைகளாகவே இறந்திருந்தன. அதே வருடம் பாகல்பூரில் ஐந்து மாணவிகளோடு பள்ளி தொடங்கினார். கணவரின் குடும்பத்தில் பிரச்சினை வர, ஊரை விட்டுக் கிளம்பி, 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவிகளோடு மறுபடியும் ஆரம்பித்தார். தான் ஒரு நாளும் பள்ளியில் உட்கார்ந்து படித்ததில்லை என்பதால், மற்ற பெண்கள் பள்ளிகளுக்குப் போய் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்துக் கற்றுக்கொண்டார். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அனுப்பச் சொல்லிக் கேட்டார்.

பர்தா கெடாமல் அழைத்து வருகிறோம் என்று உறுதி சொன்னால்தான் அனுப்புவார்கள். அதற்காக மூடிய பஸ் ஏற்பாடு செய்தார். மேலே கொஞ்சம் வலை தவிர காற்று புக வழியே இல்லாத வண்டி. ஆங்கிலேயத் தோழி ஒருவர் அதை ஓடும் இருட்டறை என்றாராம். முதல் நாளே பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள், மயங்கினார்கள். சரி என்று பக்கப் பலகையைத் திறந்து திரைச்சீலை தொங்கவிட்டால், காற்றில் திரை ஆடிப் பிள்ளைகள் வெளியே தெரிகிறார்கள் என்று மிரட்டல் கடிதங்கள் வந்தன. ‘அபரோத்பாசினி’யின் கடைசிச் சம்பவம் இது. காற்றில் மிதக்கும் வண்டியைக் கனவு கண்ட அதே பெண், நிஜத்தில் ஒரு பஸ்ஸின் திரைச்சீலைக்காக இவ்வளவு போராட வேண்டியிருந்தது. இந்த இரண்டையும் சேர்த்து வாசிக்காமல் ரொக்கேயாவைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

1916இல் முஸ்லிம் பெண்களுக்கான ஒரு சங்கத்தையும் தொடங்கினார், விதவைகளுக்கு உதவியும் ஏழைப் பெண்களுக்குப் படிப்பும் அதன் வேலை. இன்று அந்தப் பள்ளி கொல்கத்தா லார்ட் சின்ஹா சாலையில் சகாவத் நினைவு அரசு பெண்கள் உயர்நிலைப் பள்ளியாக இருக்கிறது.

கதையில் வந்த மாதிரி நிஜமாகப் பறந்தாரா?

பறந்தார். வாழ்க்கையின் கடைசி வருடங்களில் விமானத்தில் ஏறி, அதைப் பற்றி ‘வான்வண்டியில் ஐம்பது மைல்’ என்ற பொருளில் வங்காளத்தில் தலைப்பிட்டு எழுதினார்.

அவருடைய தாக்கம் இன்று எப்படி இருக்கிறது?

வங்காளத்தில் அது எப்போதும் மங்கியதில்லை. பிபிசி வங்காளச் சேவை 2004இல் எல்லாக் காலத்துக்குமான மிகச் சிறந்த வங்காளியர் யார் என்று நேயர்களிடம் கேட்டபோது ஆறாம் இடம் கிடைத்தது. வெளியுலகில் பரவியது 1988இல் அமெரிக்காவின் ஃபெமினிஸ்ட் பிரஸ், ரோஷன் ஜஹான் தொகுத்த பதிப்பைக் கொண்டுவந்த பிறகு. ஸ்பெயினைச் சேர்ந்த இசபெல் எர்கேரா இந்தக் கதையிலிருந்து ஒரு அனிமேஷன் படம் எடுத்தார், 2023இல் வெளியானது. 2024இல் யுனெஸ்கோவின் உலக நினைவகத் திட்டத்தின் ஆசிய பசிபிக் பட்டியலில் கதை சேர்க்கப்பட்டது.

எங்கிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

‘சுல்தானாவின் கனவு’ சின்னக் கதை, ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ஆங்கில மூலம் காப்புரிமை முடிந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, மொழி எளிமையானது. அடுத்து ‘அபரோத்பாசினி’க்குப் போங்கள், ஒரு நாளைக்கு நாலைந்து சம்பவம் போதும். ‘பத்மராக்’ நாவலை அதற்கப்புறம் எடுங்கள், தொடக்கத்தில் கொஞ்சம் மெதுவாகப் போகும், தாரிணி பவனுக்குள் நுழைந்த பிறகு விடமாட்டீர்கள். வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால் முதல் கதையை அவர்களோடு சேர்ந்து வாசியுங்கள். சிங்கம், யானை வாதங்களில் அவர்கள் கண்டிப்பாக உங்களோடு சண்டைக்கு வருவார்கள்.